சின்னம்மாவை யாரிடம் விட்டால் பத்திரம்?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். சின்னம்மாவுக்கு வயது 34, சிறு வயதிலிருந்தே கற்றல் குறைபாடு. பட்டர்வொர்த் ஃபிளாட்டில் பாட்டியோடு இருந்தவர், போன வருஷம் பாட்டி தவறியதும் மாமா வீட்டுக்குப் போய்விட்டார். நீங்கள் கோலாலம்பூரில் வேலை செய்கிறீர்கள், மாதம் ஒருமுறை ஊருக்குப் போகிறீர்கள். கடைசி இரண்டு தடவை போனபோது மேல்கையில் கன்றிப்போன தடம் தெரிந்திருக்கிறது. குளிக்கக் கூப்பிட்டால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நகர மறுத்திருக்கிறார். பி.டி.கே. மையத்துக்கு, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான சமூக மறுவாழ்வு மையத்துக்கு, அனுப்புவதையும் நிறுத்திவிட்டார்கள். "வெளியே விட்டால்தான் ஆபத்து, வீட்டோடு இருப்பதே பத்திரம்" என்கிறார் மாமா. யாரிடம் விட்டால் சின்னம்மா பத்திரமாக இருப்பார் என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். நடுவில் இன்னொரு வரியும் எழுதியிருக்கிறீர்கள்: "சோறு போடுகிறவர்களைச் சந்தேகப்படுவது பாவம் இல்லையா?" உங்களைத் தூங்கவிடாமல் செய்வது அந்த வரிதான் என்று நினைக்கிறேன். பாவம் இல்லை. சின்னம்மாவால் தனக்காகப் பேச முடியாத இடத்தில் யாராவது ஒருவர் கேட்டுத்தான் ஆக வேண்டும், அது நீங்களாக இருப்பதில் எனக்கு நிம்மதி.

நான் பினாங்கில் 22 வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன். முதல் எட்டு வருஷம் பி.டி.கே. மையத்தில். அதற்குப் பிறகு, வீட்டில் அடிபட்டு வெளியே வரும் பெண்களுக்கு ஆலோசகர். அவர்களில் மாற்றுத்திறனாளிப் பெண்கள் நிறையப் பேர். நான் வழக்கறிஞர் இல்லை, டாக்டரும் இல்லை. சின்னம்மாவைப் பார்த்ததும் இல்லை. அதனால் மாமா வீட்டில் நடப்பது இன்னதுதான் என்று இங்கிருந்து தீர்ப்புச் சொல்ல மாட்டேன். எது உறுதி, எது சந்தேகம், எதை நீங்களே நேரில் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன்.

உறுதியானது முதலில். மாற்றுத்திறனாளிகள்மீது நடக்கும் வன்முறையைப் பற்றி உலகச் சுகாதார நிறுவனத்தின் முயற்சியில் இரண்டு பெரிய ஆய்வுத் தொகுப்புகள் 2012-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தன. மாற்றுத்திறனாளிகளான பெரியவர்கள் மற்றவர்களைவிட 1.5 மடங்கு அதிகமாக வன்முறைக்கு ஆளாகிறார்கள், மனநலப் பாதிப்பு உள்ளவர்கள் ஏறக்குறைய 4 மடங்கு, மாற்றுத்திறனாளிக் குழந்தைகள் 3.7 மடங்கு என்று அவை கணக்கிட்டன. இந்தக் கணக்குகள் பெரும்பாலும் பணக்கார நாடுகளில் எடுத்தவை, அதனால் அதே எண்ணைப் பினாங்குக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. நான் பார்த்த வீடுகளை வைத்துச் சொன்னால், ஆபத்து இங்கே குறைவு என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். என்னிடம் வந்தவர்களில் முன்பின் தெரியாத ஆளால் பாதிக்கப்பட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்ற எல்லோருக்கும் அது குளிப்பாட்டுகிறவர், ஊட்டுகிறவர், வேனில் ஏற்றி இறக்குகிறவர், மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவர் என்று அன்றாடம் தொடுகிற ஒருவர் வழியாகத்தான் வந்தது. "வீட்டோடு இருந்தால் பத்திரம்" என்ற பேச்சை நான் எளிதில் ஏற்றுக்கொள்ளாததற்கு அதுதான் காரணம்.

ஒரு வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நாற்பது வயதுப் பெண், மூளை முடக்குவாதம், அண்ணன் அண்ணியோடு இருந்தார். நான் போனது ஒரு சாயங்காலம். துவைத்த படுக்கை விரிப்பு, முகத்தில் பவுடர், நெற்றியில் விபூதி. குறை சொல்ல எதுவுமே இல்லை. கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர், தட்டு போட்டு மூடியிருந்தது. உதடு வெடித்திருந்ததைப் பார்த்து, "தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டேன். "ஆறு மணிக்கு மேல குடிக்க மாட்டேன்" என்றார். ஏன் என்று கேட்டதற்கு வாசலைப் பார்த்தார். அவருடைய சக்கர நாற்காலி அங்கே, செருப்பு வைக்கும் அலமாரிக்குப் பக்கத்தில் மடக்கிக் கிடந்தது. ஒருநாள் ராத்திரி மூன்று தடவை பாத்ரூமுக்கு எழுப்பியிருக்கிறார். மறுநாளிலிருந்து நாற்காலி வாசலுக்குப் போய்விட்டது. யாரும் திட்டவில்லை, அடிக்கவில்லை. அவரே புரிந்துகொண்டு தண்ணீரை நிறுத்திக்கொண்டார். உடம்பில் ஒரு காயம்கூட இல்லாமல் ஒரு பெண்ணை வருஷக்கணக்கில் தாகத்தில் வைக்க முடியும் என்பதை நான் அந்த வீட்டில்தான் கற்றுக்கொண்டேன். இதேபோல் காது கருவியின் பேட்டரியை எடுத்து வைத்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். பார்வையில்லாத பெண்ணின் அறையில் நாற்காலி மேசையை இடம் மாற்றி வைப்பது, "அடங்கி இருக்கட்டும்" என்று தூக்க மாத்திரையைக் கூட்டிக் கொடுப்பது, "சத்தம் போட்டால் ஹோமில் விட்டுவிடுவேன்" என்று மிரட்டுவது எல்லாம் நடக்கிறது. சமூக நல இலாகாவின் உதவிப் பணம் வருகிற வங்கிக் கணக்கின் அட்டை வேறு ஒருவர் பாக்கெட்டில் இருப்பது இதில் மிகச் சாதாரணம்.

அந்த அண்ணி கொடுமைக்காரர் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பகலில் தொழிற்சாலை வேலை, ராத்திரி முழுக்கத் தூக்கம் கெட்டு, தூக்கித் தூக்கி இடுப்புப் பிடித்துப் போயிருந்தது. ஒரு கமோட் நாற்காலி இரவல் வாங்கிக் கட்டிலோரம் வைத்தோம், வாரம் இரண்டு ராத்திரி தங்கை முறையுள்ள ஒருவர் வந்து படுத்துக்கொண்டார். சக்கர நாற்காலி பழைய இடத்துக்கு வந்தது. பராமரிப்பவரின் களைப்பால் வரும் புறக்கணிப்பை இப்படிச் சரிசெய்ய முடிவதுண்டு. அடிப்பதும் பாலியல் தொல்லை கொடுப்பதும் அந்தக் கணக்கில் சேராது. அதற்குக் களைப்பைக் காரணம் சொல்லி யாராவது வந்தால் நம்பாதீர்கள்.

இனி சின்னம்மாவின் விஷயம். மேல்கையில் கன்றிய தடம் ஒன்றை மட்டும் வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது, கதவில் இடித்தாலும் கன்றும். ஆனால் மேல்கையின் உட்பக்கம், விரல் விரலாகத் தெரிகிற தடம், இரண்டு கையிலும் ஒரே இடத்தில் என்றால் அது யாரோ இறுக்கிப் பிடித்ததாக இருக்கலாம். தேதி தெரிய ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அவரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். குளிக்கப் பயப்படுவதற்கு இன்னும் அதிகமான காரணங்கள் உண்டு. சிறுநீர்த் தொற்று, மாதவிடாய் வலி, தோல் புண், வழுக்கி விழுந்த ஞாபகம், இத்தனை வருஷமாகக் குளிப்பாட்டிய பாட்டி இல்லாமல் போன துக்கம், எதுவாகவும் இருக்கலாம். குளியலறையில் யாரோ ஏதோ செய்ததாகவும் இருக்கலாம். சத்தியமாகச் சொல்கிறேன், வெறும் நடத்தையை வைத்து இவற்றைப் பிரித்துச் சொல்லக்கூடிய நிபுணர் யாரும் இல்லை. அதனால்தான் டாக்டரிடம் கூட்டிப் போவது முதல் வேலை. "அதுங்க அப்படித்தான்" என்று வீட்டில் சொல்வார்கள், சில கிளினிக்கில்கூடச் சொல்வார்கள். முன்பு இல்லாத ஒன்று புதிதாக வந்திருக்கிறது என்றால் அது குறைபாட்டின் வேலை இல்லை, ஏதோ மாறியிருக்கிறது. பாட்டி இருந்தபோது குளித்தார், இப்போது மறுக்கிறார் என்பதை அந்த வார்த்தையிலேயே டாக்டரிடம் சொல்லுங்கள்.

பி.டி.கே. நாட்களிலிருந்து ஒன்று ஞாபகம் வருகிறது. இருபது வயதுப் பெண் ஒருவர் நாலைந்து நாளாக "ச்சீ வலிக்குது, ச்சீ வலிக்குது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டில் சிரித்தார்கள், நாங்களும் எதையோ பார்த்து அருவருப்புப் படுகிறார் என்றுதான் நினைத்தோம். விசாரித்தால், சின்ன வயதில் அவர் கை அங்கே போகும்போதெல்லாம் அம்மா "ச்சீ" என்று தட்டிவிட்டிருக்கிறார். அந்த உறுப்புக்கு அதுதான் பெயர் என்று அவர் எடுத்துக்கொண்டார். அவருக்கு இருந்தது சிறுநீர்த் தொற்று, மருந்தில் சரியாகிவிட்டது. யாராவது தொட்டிருந்தாலும் அவர் அதே வார்த்தையைத்தான் சொல்லியிருப்பார், நாங்களும் அப்படியே சிரித்திருப்போம். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மையத்தில் மலாய், வீட்டில் தமிழ் என்று வளர்கிற நம் பெண்களுக்கு இரண்டு மொழியிலும் தன் உடம்புக்குச் சொல் இல்லை. மார்பு, பிறப்புறுப்பு, மலவாய் என்று வெட்கப்படாமல் சொல்லிக் கொடுக்க வேண்டும். முப்பத்து நாலு வயதிலும் கற்றுக்கொள்வார்கள், படம் வரைந்து காட்டினால் இன்னும் சீக்கிரம்.

சொல்லோடு சேர்த்து "வேண்டாம்" என்பதையும் கற்றுக்கொடுக்க வேண்டும். நம் ஆட்கள் இப்படிப்பட்ட பிள்ளைகளை "சொன்ன பேச்சு கேட்கும், ரொம்ப நல்ல பிள்ளை" என்றுதான் பெருமையாகச் சொல்வார்கள். கையைத் தூக்கு என்றால் தூக்க வேண்டும், வாயைத் திற என்றால் திறக்க வேண்டும், உட்கார் என்றால் உட்கார வேண்டும். அப்படியே பழக்கிவிட்டு, ஒருநாள் ஒருவன் சட்டையைக் கழற்று என்று சொல்லும்போது மட்டும் மறுக்க வேண்டும் என்று எதிர்பார்த்தால் அவர் எங்கே போவார்? இட்லியா தோசையா, சிவப்பா பச்சையா, இப்போது குளிக்கிறாயா பிறகா என்று கேட்டு, வேண்டாம் என்ற பதிலை மதித்துப் பழக்கினால்தான் பெரிய இடத்தில் அந்தச் சொல் வாயில் வரும்.

சிலர் என்னிடம் கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் கவலையில்லையே என்று கேட்டிருக்கிறார்கள். உங்கள் குடும்பத்தில் யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் சம்மதிக்காதீர்கள். அது யாருடைய கையையும் தடுக்காது, நடந்தது வெளியே தெரியவரும் ஒரு வழியை மட்டும் அடைத்துவிடும். மாற்றுத்திறனாளிகளின் இனப்பெருக்கத் திறனை மற்றவர்களுக்கு உள்ளதுபோலவே காக்க வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகள் உரிமை குறித்த ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையின் 23-ஆம் பிரிவு சொல்கிறது. மலேசியா அந்த உடன்படிக்கையை 2010-இல் ஏற்றுக்கொண்டது.

சின்னம்மாவிடம் எப்படிப் பேசுவது என்று கேட்டிருந்தீர்கள். வீட்டுக்குள் வேண்டாம். கடலோரம் கூட்டிப் போய் ஒரு பொட்டலம் கச்சாங் கடலை வாங்கிக் கொடுத்துப் பக்கத்தில் உட்காருங்கள், எதிரில் உட்கார்ந்தால் விசாரணை மாதிரி இருக்கும். "மாமா அடிச்சாரா?" என்று கேட்கவே கேட்காதீர்கள். ஆம் என்று சொன்னால் உங்களுக்குப் பிடிக்கும் என்று தோன்றினால் ஆம் என்பார், இல்லை என்றால் பிடிக்கும் என்று தோன்றினால் இல்லை என்பார். நாளைக்கு வழக்கு என்று வந்தால் அந்தக் கேள்வியே எல்லாவற்றையும் கெடுத்துவிடும். "குளிக்கிறப்போ என்ன நடக்கும், சொல்லுங்க" என்று திறந்த கேள்வியாகக் கேட்டுவிட்டுக் காத்திருங்கள். ஒரு நிமிஷம் மௌனமாக இருந்தாலும் பொறுங்கள். சொன்னால் முகத்தில் அதிர்ச்சி காட்டாமல், "சொன்னது நல்லது, உங்க மேல தப்பு இல்ல" என்று மட்டும் சொல்லுங்கள். அவர் பயன்படுத்திய அதே சொற்களில், திருத்தாமல், தேதி நேரத்தோடு எழுதி வையுங்கள். திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியமும் செய்யாதீர்கள், காப்பாற்ற முடியாது.

மாமாவிடம் நேரே போய்ச் சண்டை போட வேண்டும் என்று மனசு துடிக்கும். உடனே செய்யாதீர்கள். அவர்மேல் தப்பு இருந்தால், உங்களை வீட்டுக்கு வரவிடாமல் செய்வதுதான் அவருடைய அடுத்த வேலையாக இருக்கும், அதற்குப் பிறகு சின்னம்மாவைப் பார்க்கக் கண்ணே இல்லை. தப்பு இல்லாவிட்டாலும், சோறு போடுகிற வீட்டைப் பகைத்துக்கொண்டு உதவி செய்ய முடியாது. அத்தையிடம் உட்கார்ந்து, "உங்களுக்கு எது கஷ்டமாக இருக்கு?" என்று ஆரம்பியுங்கள். மையத்தை ஏன் நிறுத்தினார்கள் என்பதற்கும் அப்படியே விடை வரும். போக்குவரத்துச் செலவாகவும் இருக்கலாம்.

பயப்படும்படியான ஒன்று தெரியவந்தால் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 1994-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் கணவன் மனைவிக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். குடும்பத்தோடு வாழும், உடல் அல்லது மனக் குறைபாட்டால் இயலாத பெரியவர்களை அது பெயர் சொல்லியே பாதுகாக்கிறது. அடிப்பது மட்டும் வன்முறை இல்லை, விருப்பத்துக்கு மாறாக அடைத்து வைப்பதும் அதில் வரும். 2012-இல் மனரீதியான கொடுமையையும், 2017 திருத்தத்தில் பணத்தையோ சொத்தையோ நேர்மையில்லாமல் எடுத்துக்கொண்டு வேதனைப்படுத்துவதையும் சேர்த்தார்கள். அதே 2017 திருத்தம்தான் அவசரப் பாதுகாப்பு ஆணையைக் கொண்டுவந்தது. போலீஸ் புகார் இல்லாமலேயே சமூக நல அதிகாரி அதைக் கொடுக்கலாம், 7 நாள் செல்லும். அதற்கு மேல் பாதுகாப்பு வேண்டுமென்றால் போலீஸ் புகாரும் நீதிமன்றத்தின் இடைக்கால ஆணையும் தேவை. நல்லெண்ணத்தோடு தகவல் கொடுக்கிறவர்மேல் அவதூறு வழக்குப் போட முடியாது என்றும் இந்தச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு சொல்கிறது, உறவுக்காரர்கள் மிரட்டினால் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 2008-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தை நம்பி அதிகம் எதிர்பார்க்காதீர்கள். உரிமைகளைச் சொல்கிறது, மீறினால் தண்டனை சொல்லவில்லை. அது எனக்குப் பல வருஷ மனக்குறை.

கூப்பிட வேண்டிய எண் அரசாங்கத்தின் உதவி எண்ணான தாலியான் காசே 15999, இருபத்து நாலு மணி நேரமும் எடுப்பார்கள். பாலியல் தாக்குதல் என்று சந்தேகம் வந்தால் அன்றைக்கே அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போய் ஓ.எஸ்.சி.சி. வேண்டும் என்று கேளுங்கள், வன்முறைக்கு ஆளானவர்களை ஒரே இடத்தில் கவனிக்கும் பிரிவு அது. பட்டர்வொர்த் இருக்கும் அக்கரையில் செபராங் ஜெயா மருத்துவமனை, தீவில் பினாங்கு மருத்துவமனை. குளிப்பாட்டாதீர்கள், உடுத்திய துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் எடுத்துப் போங்கள். 72 மணி நேரத்துக்குள் போனால்தான் எச்.ஐ.வி. தடுப்பு மருந்து பயன்படும், தடயம் கிடைக்கவும் வாய்ப்பு அதிகம். தாமதமாகிவிட்டாலும் போகாமல் இருக்க வேண்டாம். பெண்ணின் மனக் குறைபாடோ உடல் ஊனமோ தெரிந்தே செய்த பாலியல் வன்புணர்வுக்குத் தண்டனைச் சட்டம் 10 முதல் 30 வருஷம் சிறையும் பிரம்படியும் வைத்திருக்கிறது.

"கோர்ட்டில் இவள் பேச்சு எடுபடாது" என்று யாராவது சொல்வார்கள். 1950-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. கேள்வி புரிந்து பதில் சொல்ல முடிகிற வரைக்கும் மனக் குறைபாடு ஒருவரின் சாட்சியைத் தள்ளுபடி செய்யாது, பேச முடியாதவர் எழுத்திலோ சைகையிலோ சொல்வது வாய்மொழிச் சாட்சியாகவே ஏற்கப்படும். நடைமுறையில் கஷ்டம் இருக்கிறது என்பதை மறைக்க மாட்டேன். அறுபது வயதைத் தாண்டிய காது கேளாத ஒரு பெண்ணோடு ஒரு போலீஸ் நிலையத்துக்குப் போயிருந்தேன். அவர் சொல்வதை மொழிபெயர்க்கத் தம்பியையே உட்கார வைத்தார்கள், அடித்தது அந்தத் தம்பிதான். எதிர்ப்புத் தெரிவித்து வேறு மொழிபெயர்ப்பாளர் வந்தால், அவருக்குத் தெரிந்தது மலேசியச் சைகை மொழி, இந்த அம்மாவுக்குத் தெரிந்ததோ பள்ளிக்கூட நாளில் தோழிகளோடு பழகிய பழைய பினாங்குச் சைகை மொழி. மூன்றாவது நாள்தான் இரண்டும் தெரிந்த ஒருவர் கிடைத்தார். நீங்கள் போகும்போது, மாமா வீட்டார் யாரும் சின்னம்மாவுக்காகப் பதில் சொல்ல வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள், அதிகாரி பெண்ணாக இருக்க வேண்டும் என்றும் கேட்கலாம்.

யாரிடம் விட்டால் பத்திரம் என்ற கேள்விக்கு வருகிறேன். ஒரே ஒருவரிடம் விட்டால் அவர் யாராக இருந்தாலும் பத்திரம் இல்லை. நீங்களாகவே இருந்தாலும். பாட்டி நல்லவர், ஆனால் பாட்டி ஒருவரை மட்டும் நம்பியே சின்னம்மாவின் வாழ்க்கை நின்றதால்தான் பாட்டி போனதும் இப்படி ஆகிவிட்டது. குளிப்பாட்டுகிறவர் ஒருவர், பணத்துக்குக் கணக்கு வைக்கிறவர் வேறொருவர், வாரம் ஐந்து நாள் மையத்தில் பார்க்கிற ஆசிரியை, மாதம் ஒருமுறை நீங்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே டாக்டர் என்று ஏழெட்டுக் கண்கள் அவர்மேல் இருக்கட்டும். பி.டி.கே. 1984-இல் திரெங்கானுவின் பத்து ராக்கிட்டில் ஆரம்பித்ததே, வீட்டு மூலையில் கிடந்தவர்களை ஊருக்குள் கொண்டுவரத்தான். சின்னம்மா மையத்துக்குத் திரும்புவதைத்தான் முதல் கோரிக்கையாக வையுங்கள், மாமாவின் குணம் எப்படி இருந்தாலும் அந்தக் கோரிக்கை நியாயமானது. வேறு ஹோம் பார்ப்பதாக இருந்தால் சமூக நல இலாகாவில் பதிவு பெற்றதா என்று கேளுங்கள், சொல்லாமல் போய்ப் பார்க்க விடுகிறார்களா என்று பாருங்கள். விடாத இடத்தில் சேர்க்காதீர்கள்.

இத்தனை எழுதியும், சின்னம்மாவுக்கு என்ன வேண்டும் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. அவர் 34 வயதுப் பெண். எங்கே இருக்கப் பிடிக்கும், யார் குளிப்பாட்டினால் பிடிக்கும் என்று அவரிடமே கேளுங்கள். வார்த்தையில் சொல்ல முடியாவிட்டால் வீட்டு ஆட்களின் படங்களை வரிசையாகக் காட்டினால் போதும், எந்தப் படத்தைத் தள்ளி வைக்கிறார் என்று பாருங்கள். அதையும் எழுதி வையுங்கள். இந்த வாரமே லீவு போட்டுப் போக முடிந்தால் போங்கள். முதலில் டாக்டர், பிறகு கடலோரம். டாக்டர் சொன்னதை இங்கே எழுதுங்கள், அடுத்து என்ன செய்வது என்று அதை வைத்துச் சொல்கிறேன். அதற்குள் புதிதாக ஒரு தடமோ, உள்ளாடையில் ரத்தமோ பார்த்தால் என் பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம், 15999-ஐக் கூப்பிடுங்கள்.